குரலமுது

மடங்கல் 3, திங்கள்

(ஊரார் இத்திங்களை ஆவணி என்பர், அறிவனைப் புதன் என்பர், காரியைச் சனி என்பர். இந்நாட்குறிப்பில் அப்பெயர்கள் வாரா.)

நேற்று மாலை தேர்முட்டித் திடலில் பேசினேன். இரண்டு மணி நேரமும் பத்து மணித்துளியும். எங்கள் போதை ஒழிப்புக் குழுவின் ஒன்பதாம் கூட்டம். பேச்சின் உச்சியில் வழக்கம்போல் அந்தப் பட்டையை உயர்த்திக் காட்டினேன். விரலகலமும் இல்லாத தாள் பட்டை.

“இதனைச் சிறுநீரில் நனையுங்கள். தூயவர் எனில் இரண்டு கோடுகள் எழும். அபினியின் சுற்றம் எதுவும் உடலில் இருப்பின் இரண்டில் ஒரு கோடு எழாது. கோடு எழுவது கறையன்று, எழாமையே கறை. வாய் மறைப்பதை உடல் மறைக்காது.”

கைத்தட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. அடங்கிய அந்த நொடியில் ஐந்தாம் வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். சேர்மத்துரை. பதினோராண்டு பள்ளி ஊர்தி ஓட்டியவன். சென்ற திங்கள் எங்கள் குழு பள்ளி ஊர்தி ஓட்டுநர் முப்பத்தெட்டுப் பேரை ஆய்வுக்கு உட்படுத்தியது. முப்பத்தேழு பட்டைகளில் இரண்டு கோடுகள். அவன் பட்டையில் ஒன்று. அவன் பெயரை ஒலிவாங்கியில் மும்முறை சொன்னவள் நான். மறுநாளே பள்ளி அவனிடமிருந்து ஊர்தியின் திறவுகோலை வாங்கிக்கொண்டது.

அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். “அக்கா, நாங்க முப்பத்தெட்டு பேரு மோண்டு குடுத்தோம். பேசுதவங்க யாரும் குடுக்கலயே. நீங்க ஒருக்கா குடுங்க. பொறவு என் பேர மைக்ல சொல்லுங்க.”

திடல் சிரித்தது. முப்பத்தைந்து ஆண்டு மேடையில் என்னைக் கண்டு சிரித்த கூட்டம் இல்லை. என்னோடு சிரித்த கூட்டமே உண்டு. ஒலிவாங்கியை இருகையாலும் பற்றினேன். வெள்ளியன்று ஆய்வகத்தில் முதற்சொட்டு என்னுடையது என்றேன். என் பட்டையில் கோடு எழாது போயின், இம்மேடை மட்டுமன்று, எம்மேடையும் இனி ஏறேன் என்றேன். கூட்டம் எழுந்து நின்றது.

முன்வரிசையில் என் கணவர் பரிதிவாணன் மட்டும் எழவில்லை. முழங்கால் வலியாக இருக்கும்.

வீடு திரும்பியபோது தொண்டை புண்ணாகியிருந்தது. குரலமுது இரு மூடி. அதன்பின் நல்ல உறக்கம்.

மடங்கல் 4, செவ்வாய்

காலையில் அடுக்குகளைத் துடைத்தேன். எங்கள் வீட்டில் பிறமொழிப் பெயர் தாங்கிய குப்பியோ பெட்டியோ அடுக்கில் ஏறுவதில்லை. வெள்ளைத் தாள் ஒட்டி, தமிழ்ப்பெயர் எழுதிய பின்னரே ஏறும். திருமணமான கிழமையில் நான் வகுத்த முறை. பற்பசை, தலைவலி வில்லை, துணிக்கஞ்சி, காலணி மெருகு என எல்லாம் பரிதியின் சாய்ந்த கையெழுத்தில் நிற்கின்றன. அவர் இருபத்திரண்டு ஆண்டுகள் மருந்துக்கடை நடத்தியவர். கடையை விட்டபின்னும் வீட்டுக்கு வேண்டிய மருந்தெல்லாம் அவர் கைவழியே வரும். என் தொண்டைக்கு அவர் கொண்டுவரும் இருமல் நீருக்குப் பெயரிட்டவள் மட்டும் நான். குரலமுது. பொருத்தமான பெயர்.

பகலுணவின்போது, வெள்ளிக்கிழமை ஆய்வை ஒத்திப்போடலாமே என்றார் பரிதி. காய்ச்சல் என்று சொல்லிவிடலாமாம். சொல்லேந்தி வாழ்பவள் சொல்லை ஒத்திப்போடுவதா என்றேன். “அது இல்ல சுடர்” என்று தொடங்கி, மோரை ஊற்றிக்கொண்டு, முடிக்காமலே எழுந்துபோனார். அஞ்சும் இயல்பினர். மேடை ஏறியறியாதவர்.

மடங்கல் 5, அறிவன்

குரலமுது தீர்ந்துவிட்டது. இரண்டு நாளில் தருவிப்பதாகச் சொல்கிறார். மருந்துக்கடை நடத்தியவர் வீட்டில் மருந்து இல்லை.

கொட்டாவி ஓயவில்லை. மூக்கில் நீர். பருவக்காற்றின் எச்சம் போலும்.

பிற்பகல், அகரமுதலியின் ஐந்தாம் தொகுதிக்குப் பின்னால் ஒரு குப்பி இருப்பது நினைவுக்கு வந்தது. அதற்கு இன்னும் தமிழ்ப்பெயர் ஒட்டவில்லை. ஆதலால் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். எப்படி வந்தது என்று எழுத வேண்டியதில்லை.

மூக்கு ஒழுகுவது நின்றது.

மடங்கல் 6, வியாழன்

பரிதி தேநீர் போடுவார். அதற்குமேல் அடுப்போடு அவருக்கு உறவில்லை. இன்று மாலை அவரே சமைத்தார். இடியாப்பமும் வெள்ளைக் குருமாவும். அம்மியில் அவர் எதையோ நெடுநேரம் அரைத்துக்கொண்டிருந்ததைக் கூடத்திலிருந்து கேட்டேன். நாளை எனக்கு வலிமை வேண்டுமாம். குருமா கூழ்போல் கெட்டியாக, நல்ல மணத்தோடு இருந்தது. போதும் என்றேன். “இன்னும் ரெண்டு கரண்டி ஊத்திக்கோ சுடர்” என்று ஊற்றினார். என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளைய முழக்கத்தின் முதற்பகுதியை எழுதி முடித்தேன். “கோடு கண்டேன், கொள்கை வென்றது” எனத் தொடங்கும்.

மடங்கல் 7, வெள்ளி

ஒழுங்காக எழுதவேண்டும். நடந்த முறையில்.

பத்து மணிக்கு ஆய்வகம். வாயிலில் ஓட்டுநர்களும் செய்தியாளர் நால்வரும். சேர்மத்துரை சுவரோரம் நின்றான். ஆய்வகப் பணியாளர் ஜெபசீலி எனும் இளம்பெண். கைப்பையை வெளியே வைக்கச் சொன்னாள். கைகழுவச் சொன்னாள். ஒரு படிவம் தந்தாள். கடந்த மூன்று நாளில் உட்கொண்ட மருந்துகளும் உணவும் என்றொரு கட்டம் அதில் இருந்தது. ‘மருந்து ஏதுமில்லை’ என எழுதிக் கையொப்பமிட்டேன். உணவு என்ற பகுதியை விட்டுவிட்டேன். அங்கே என்ன எழுதுவது.

கழிவறைத் தொட்டியில் நீல நீர். குழாய் அடைக்கப்பட்டிருந்தது. கள்ளமாகத் தண்ணீர் கலவாதிருக்க இந்த ஏற்பாடு என்றாள். கதவுக்கு வெளியே அவள் நின்றாள். கிண்ணத்தின் வயிற்றில் ஒரு சூடுகாட்டி ஒட்டப்பட்டிருந்தது. நான்கு மணித்துளிக்குள் உடற்சூடு அதில் தெரியவேண்டும். தெரிந்தது. என் கண்முன்னே அந்நீரை இரு குப்பிகளில் பகுத்து, வாய்மூடி, ஒட்டுத்தாளில் என் முதலெழுத்தை இடச் செய்தாள். ஒன்று இன்றைக்கு. மற்றொன்று உறைபெட்டிக்கு, எவரேனும் ஐயுற்றால் எடுக்க. முறை எல்லாம் செம்மை. சென்ற திங்கள் ஓட்டுநர்களுக்கும் இதே முறையைக் கோரியவள் நானே.

பின்னர் பட்டையை நனைத்தாள். ஐந்து மணித்துளி.

முதலில் மேற்கோடு எழுந்தது. பட்டை வேலை செய்கிறது என்பதற்கான கோடு அது. கீழ்க்கோட்டின் இடம் வெண்மையாக இருந்தது. வெண்மையாகவே இருந்தது. சாளரத்தருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தாள். புதுப்பட்டை ஒன்றை நனைத்தாள்.

“மேடம், கோடு வரல” என்றாள், மெல்ல.

‘மேடம்’ என்று அழைக்காதே எனத் திருத்த மறந்தேன்.

வெளியே சிரிப்பு எழும் என நினைத்தேன். எழவில்லை. சேர்மத்துரை தலைகுனிந்து நின்றான். அந்தத் தலைகுனிவைவிட எந்தச் சிரிப்பும் என்னை இழிவுபடுத்தியிருக்க முடியாது.

மடங்கல் 8, காரி

கண்டுகொண்டோம்.

நேற்று வீடு வந்து, கதவடைத்து, எவன் செய்த சூழ்ச்சி இது என்று கேட்டேன். மறுமொழி சொல்லப் பரிதி ஒரு நொடியும் எடுக்கவில்லை. “குருமால கசகசா அரைச்சு ஊத்தினேன்லா சுடர். கசகசா, அபினிச் செடியோட வெத. பட்டை அதையும் புடிச்சிரும்.” மனப்பாடம் செய்த பிள்ளை போல் சொன்னார். என்ன அறிவு. மருந்துக்கடைக்காரர் அன்றோ.

இன்று காலை ஆய்வகம் சென்று ஜெபசீலியிடம் சொன்னேன். அப்படியும் நேரலாம் என ஒப்புக்கொண்டாள். நான் கேளாமலே விளக்கினாள்: “இந்தப் பட்டைக்கு வீட்டுப் பேருதான் தெரியும் மேடம். வீட்டுல எந்த ஆளுன்னு தெரியாது. சென்னைக்கு அனுப்பி பெரிய மெஷின்ல போட்டாத்தான் ஆளு பேரு, எடை எல்லாம் சொல்லும்.”

உறைபெட்டியில் உள்ள என் இரண்டாம் குப்பியை உடனே அனுப்பச் சொன்னேன். பத்து நாளாகுமாம். கையொப்பமிட்டு நிமிர்ந்தபோது, சேர்மத்துரையும் சென்ற திங்கள் இதையே கேட்டு எழுதித் தந்தான் என்றாள். குழு மறுத்துவிட்டதாம். மறுப்பு மடல் கோப்பில் இருக்கிறதாம். யார் கையொப்பம் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குழுவின் மடல்கள் பலவற்றில் நான் கையொப்பமிடுவதுண்டு.

மடங்கல் 9, ஞாயிறு

செய்தியாளரை வீட்டுக்கு அழைத்தேன். மேடை ஏறேன் என்பது சூளுரை; வீட்டுக் கூடம் மேடையன்று. கசகசாவை ஒரு கைப்பிடி எடுத்து மேசையில் பரப்பினேன். ஒரு தமிழ்ப்பெண் தன் வீட்டில் குருமா உண்டதற்குக் குற்றவாளியா என்று கேட்டேன். படம் பிடித்தார்கள். பரிதி அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர்கள் போனபின் சேர்மத்துரை வந்தான். படியேறவில்லை. வாயிற்கதவைப் பிடித்தபடியே நின்று பேசினான்.

“கசகசான்னு சொன்னியளாமே அக்கா. நானும் அதத்தான சொன்னேன். மச்சினி கல்யாண வீட்டுல மூணு நேரமும் குருமா. நீங்க மேடைல என்ன சொன்னிய? அபினிக்காரனுக்கு அடுக்களை மறைப்புன்னு சொன்னிய.”

சொல்லியிருந்தேன். மோனை நன்றாக அமைந்த வரி அது.

தன் இரண்டாம் குப்பியும் இன்னும் உறைபெட்டியில் இருக்கிறது, என் குப்பியோடு சேர்த்து அனுப்பக் குழு ஒரு கையொப்பம் தரவேண்டும் என்றான். தந்தேன். நான் நடுநிலை தவறாதவள். இரு குப்பிகளும் ஒரே பெட்டியில் செல்லட்டும் என எழுதினேன். அவன் தாளை நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நன்றி சொல்லாமல் போனான்.

மடங்கல் 12, அறிவன்

காய்ச்சல் இல்லை, ஆயினும் குளிர். எலும்புக்குள் எறும்பு ஊர்வதுபோல் கால்கள். கூட்டம் எதுவும் இல்லாததால் தொண்டைக்கு வேலையில்லை. வேலையில்லாத தொண்டைக்கு மருந்தும் தேவையில்லை என்று இரண்டு நாளாய்க் குடிக்கவில்லை. ஐந்தாம் தொகுதிக்குப் பின்னாலும் போகவில்லை. வயிறு நீராய்ப் போகிறது.

மாலை பரிதி ஒரு மூடி தந்தார். கால்மணி நேரத்தில் கால்கள் அடங்கின. ஆனால் அமுதின் சுவை அண்மையில் மாறியிருக்கிறது. தித்திப்பு மிகுதி, நெடி குறைவு. கேட்டேன். கடையில் வேறு வரத்து என்றார்.

மடங்கல் 15, காரி

மூன்று கூட்டங்கள் கைவிடப்பட்டன. சுவரொட்டியில் என் படத்தின்மேல் வேறொருவர் படம்.

துணி துவைத்தேன். சாளரத் திரைகள் ஏழும் காய்ந்துவிட்டன.

மடங்கல் 18, செவ்வாய்

முடிவு வந்தது.

ஜெபசீலி இரு தாள்களை மேசையில் வைத்தாள். சேர்மத்துரையும் இருந்தான், அவனையும் உடன் வைத்துப் படிக்கவேண்டும் என்று நான்தான் சொன்னேன், இருவரும் ஒருங்கே விடுபடும் காட்சி நன்றாயிருக்கும் என்று.

முதலில் அவன் தாள். மார்பின் என்னும் பொருள் மிகச்சிறிது. மற்றொன்று அதனினும் சிறிது. குற்றம் எனக் கொள்ளும் வரம்புக்கு வெகு கீழே; பட்டையோ அச்சிறிதளவையும் பிடித்துவிடுமாம். கசகசா உண்டவர் உடலில் காண்பது இதுவே என்றாள். ஆய்வு நாளில் அவன் எழுதிய படிவத்தையும் எடுத்துக் காட்டினாள். உட்கொண்டவை என்ற கட்டத்தில், எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏற, திருமண வீட்டுப் பந்தியின் எல்லா உணவுகளையும் எழுதியிருந்தான். கேசரியில் தொடங்கி வெற்றிலை பாக்கு வரை. அந்தப் படிவத்தைச் சென்ற திங்கள் எவரும் படிக்கவில்லை. நான் படிக்கவில்லை.

பிறகு என் தாள். அவள் என்னைப் பார்க்காமல் படித்தாள். மார்பின் கொஞ்சம். மற்றொன்று அதைப்போல் ஒன்பது மடங்கு. கசகசாவில் மார்பினே மிகுந்திருக்கும், இப்படித் தலைகீழாய் வராது என்றாள். பிறகு தணிந்த குரலில் கேட்டாள்: “மேடம், இருமல் மருந்து ஏதும் குடிக்கியளா? தெனமும்?”

“இல்லை” என்றேன்.

அந்த மற்றொன்றின் பெயர் கோடீன். முப்பதாண்டு நாட்குறிப்பில் நான் தமிழாக்காமல் எழுதும் முதல் மருந்துப் பெயர்கள் இவ்விரண்டும். தாளில் அப்படித்தான் இருந்தன.

வீட்டுக்கு வந்தேன். குரலமுதுக் குப்பியைத் தண்ணீரில் இட்டேன். வெள்ளைத் தாள் ஊறிக் கழன்றது. அடியில் அந்தப் பெயர், சிறிய எழுத்தில், மூன்றாம் வரியில்.

மடங்கல் 19, அறிவன்

இரண்டகம். ஊரார் துரோகம் என்பர், நான் இரண்டகம் என்பேன்; இந்தச் சொல்லை நான் பகைவரைக் குறித்து ஆயிரம் மேடைகளில் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குள் அதற்கு இடம் இருக்கும் என்று எண்ணியதில்லை.

நேற்றுக் கூடத்தில் அவரை அமர்த்திக் குப்பியை முன்வைத்தேன். இதன் பெயர் என்ன என்று கேட்டேன்.

“குரலமுது” என்றார்.

“நான் இட்ட பெயரன்று. அதன் பெயர்.”

“ஒனக்குத் தெரியும் சுடர்.”

அதன்பின் எல்லாம் வந்தது. கேட்கக் கேட்க அல்ல, அவராகவே. மூடி மூடியாய் நான் கேட்பது பெருகியது என்றார். இரண்டு திங்களாகப் பாதிக்குமேல் பனங்கற்கண்டுப் பாகு கலந்து, சிறிது சிறிதாய்க் குறைக்கப் பார்த்தாராம். அப்படியும் நான் சோர்வதில்லையே, எங்கிருந்து வருகிறது என்று ஐயுற்றாராம். ஆய்வு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாராம். கேட்காதபோது குருமா. “பட்டைல எப்படியும் கோடு வராது. ஒனக்குச் சொல்லுததுக்கு ஒரு காரணமாவது இருக்கட்டும்னு அரைச்சேன். அந்த மெஷினு வரைக்கும் நீ போவேன்னு நெனைக்கல” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணீர் எனக்கு வரவேண்டியது. அதையும் அவரே எடுத்துக்கொண்டார்.

முப்பத்தோராண்டு. ஊருக்கு முன் என்னை எரியவிட்டு, அடுக்களையில் எனக்காகப் பொய் அரைத்தவர். மருந்தைத் தந்தவரும் அவரே, மருந்தைத் திருடியவரும் அவரே, மறைப்பைச் சமைத்தவரும் அவரே. எதிரி நேரே வருவான். அவன் கைவாள் தெரியும். இவர் கையில் கரண்டி இருந்தது. அவர் ஊற்ற ஊற்ற நான் உண்டேன். என் நாவை நம்பி ஓர் ஊர் திரண்டது. அந்த நாவில் அன்றாடம் அபினியின் பிள்ளையை ஊற்றிவிட்டு முன்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் என் கணவர்.

இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

அவர் அமைதியாகச் சொன்னார்: “சொன்னேன். மொத நாளே பேர வாசிச்சுக் காட்டினேன். அந்தப் பேரு இந்த வீட்டுல கேக்கப்படாதுன்னு சொன்ன.”

இல்லை என்றேன். அப்படியொரு நாள் இல்லவே இல்லை என்றேன்.

“நீ எழுதாத நாளு உண்டா? எடுத்துப் பாரு.”

அவர் தம் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். நான் போகச் சொன்னேன்.

மடங்கல் 20, வியாழன்

பழைய நாட்குறிப்புகளை இறக்கினேன், அவர் பொய்யர் என்று நிறுவ. ஆறாண்டுக்கு முந்தையது. தூசி. தும்மல்.

பிற்பகலில் கிடைத்தது. திருவள்ளுவராண்டு 2049, நளி 12. அப்படியே பெயர்த்தெழுதுகிறேன்:

“பரிதி புதிய தொண்டை மருந்து கொண்டுவந்தார். தாள் ஒட்டும்முன் அதன் பெயரைப் படித்துக் காட்டினார். அபினியின் வழி வந்ததாம், அளவு மீறலாகாதாம். பிறமொழிப் பெயரை இவ்வீட்டில் ஒலிக்க வேண்டா என்றேன். குரலமுது எனப் பெயரிட்டேன். மாலை தென்காசியில் இரண்டேகால் மணி நேரம். குரல் ஒரு முறையும் உடையவில்லை. என்ன மருந்து.”

கையெழுத்து என்னுடையது.

மடங்கல் 21, வெள்ளி

அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். வந்தார். காய்கறிப் பையோடு வந்தார்.

ஐந்தாம் தொகுதியை எடுத்து, பின்னாலிருந்த குப்பியைச் சுவர்ப்பக்கத்திலிருந்து திருப்பி மேசையில் வைத்தேன். அவர் பெயர்த்தாளைப் படித்தார். எங்கிருந்து என்று கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்: தென்காசிச் சாலையில் ஒரு கடை, முக்காடிட்டுக்கொண்டு போவேன், பெயரைச் சொல்லித்தான் வாங்குவேன். தெளிவாகச் சொல்வேன்.

மருத்துவரிடம் சென்றோம். திடீரென நிறுத்தக்கூடாது, படிப்படியாக என்றார். அளவைப் பரிதி குறித்துக்கொண்டார். திரும்பும் வழியில், கலந்த பாகு சுவை கெட்டிருந்தது என்றேன். “கற்கண்டு பழசு” என்றார். நான் அவரை மன்னித்துவிட்டதாக இதற்குப் பொருளில்லை. அவர் என்னை மன்னித்ததாகவும் தெரியவில்லை. கத்தரிக்காய் நறுக்கினோம்.

மடங்கல் 23, ஞாயிறு

ஓட்டுநர் மன்றத்துக் கொட்டகையில் இன்று காலைக் கூட்டம். சேர்மத்துரையின் பெயர்மீது விழுந்த கறையை அவர்கள் நடுவே துடைக்கவேண்டியது என் கடன். சூளுரைத்தபடி மேடை ஏறேன். ஆகவே எழுதிக் கொண்டுபோனேன், ஒன்பது பக்கம். அதை அவனே படிக்கட்டும் எனத் தந்தேன். பள்ளித் தாளாளரும் வந்திருந்தார். பரிதி கதவோரம் நின்றார்.

கொட்டகையில் மேடை உண்டு, நான்கு பலகை. அவன் அதில் ஏறினான். நான் கீழே மணலில் போட்ட நாற்காலியில்.

படிக்கத் தொடங்கினான். “அறம் பிறழா… பிறழாப் பெருமக்களே. யான்…” நிறுத்தினான். விரலால் வரியைத் தொட்டுக்கொண்டு தொடர்ந்தான். இரண்டாம் பக்கத்தில் ஊழ்வினை வந்தது. மூன்றாம் பக்கத்தில் என் முப்பத்தைந்து ஆண்டுப் பணி. யாரோ கொட்டாவி விட்டார். நாலாம் பக்கத்தில், அன்பின் பெயரால் இல்லத்துள் நிகழ்ந்த இரண்டகம் என்ற இடத்தில் அவன் தாளைத் தாழ்த்தினான். மீதியைப் புரட்டிப் பார்த்தான், எதையோ தேடுபவன் போல. ஐந்து, ஆறு, ஏழு. கடைசிப் பக்கத்தையும் பார்த்தான்.

“நம்ம சங்கதி எட்டாவது பக்கத்துல இருக்கு” என்றான் கூட்டத்திடம். “சேர்மத்துரை குத்தம் பண்ணல, கசகசாதான்னு போட்டுருக்காங்க. மறுபடி ஆய்வு பண்ண விடாம தடுத்தது அவங்கதான்னும் எழுதியிருக்காங்க. கையெழுத்து இருக்கு.” தாளாளர் தலையசைத்தார். நாளை வந்து திறவுகோலை வாங்கிக்கொள்ளச் சொன்னார். ஓட்டுநர்கள் எழுந்து அவன் முதுகில் தட்டினார்கள். கூட்டம் அத்தோடு முடிந்திருக்கலாம்.

அவன் பலகையிலிருந்து இறங்கி, தாள்களை என்னிடம் திருப்பித் தந்தான். தந்த கையை எடுக்கவில்லை.

“ஒண்ணு மட்டும் இதுல எங்கயும் இல்லக்கா. அந்த மருந்த தெரிஞ்சு குடிச்சியளா, தெரியாம குடிச்சியளா?”

அவன் குரலில் குத்தல் இல்லை. வழி கேட்பவன் கேட்பதுபோல் கேட்டான். கொட்டகை திரும்பிப் பார்த்தது. கதவோரம் பரிதி தரையைப் பார்த்தார். நான் எழுந்தேன். ஒலிவாங்கி பலகையின்மேல் இருந்தது, எட்டாது. தொண்டை கரகரத்தது. மூன்று நாளாய் அரை மூடி.

வாக்கியம் ஒன்றை அமைக்க முயன்றேன். ‘அறிந்தும் அறியாதவளாய்’ என்று தொடங்கியது. அழகாக இருந்தது. விட்டுவிட்டேன்.

“தெரிஞ்சுதான்” என்றேன்.

பின்வரிசையில் யாரோ, “கேக்கல” என்றார். முப்பத்தைந்து ஆண்டில் என்னிடம் எவரும் அதைச் சொன்னதில்லை.

மறுபடியும் சொன்னேன்.